கடல் கொண்ட கணக்கு

தமிழில் ஊழலைப் பற்றிக் கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஊழல் செய்தவன் ஒருவன்கூட இல்லை என்பதுதான் விசேஷம். அழுகல் இருக்கிறது, கழுகு இருக்கிறது, கரையான் இருக்கிறது. தேசம் என்கிற ஒரு தாய் தவறாமல் வந்து அழுதுவிட்டுப் போகிறாள். இன்ன ஊரில், இன்ன தேதியில், இன்ன தாளில் கையெழுத்துப் போட்ட மனிதன் மட்டும் கண்ணில் படுவதே இல்லை. இந்தப் பத்திரிகைக்கு வரும் கவிதைகளைப் படித்துப் பொறுக்கும் வேலையை ஆசிரியர் சில மாதங்களாக என் தலையில் கட்டியிருக்கிறார். அந்த அலுப்பிலிருந்து இதை எழுதுகிறேன். நம் கவிஞர்களுக்குக் கோபம் வேண்டிய அளவுக்கு இருக்கிறது. அதற்கு எழுவாய்தான் இல்லை. முதலில் இதை வெறும் இலக்கணப் பிரச்னையாகத்தான் பார்த்தேன்.

'ஊழல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், முதிர்ந்து பதனழிதல். பழம் தானாக அழுகுகிறது, அதை யாரும் அழுக வைப்பதில்லை. ஊழ் என்கிற விதியும் பக்கத்திலேயே நிற்கிறது. தெருவில் புழங்கும் சொல்லோ மாமூல். அரபியில் கிளம்பி உருது வழியாக நமக்கு வந்தது. வழக்கமானது என்று அர்த்தம். ஆக நம்மிடம் இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்று குற்றத்தை இயற்கையின் கணக்கில் எழுதுகிறது, மற்றது வழக்கத்தின் கணக்கில் எழுதுகிறது. செய்தவனுக்கு இரண்டிலும் இடமில்லை.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக தினமும் பஸ். வழியெல்லாம் நான் வாசித்துக்கொண்டு போவது அடிக்கல்களை. பயணியர் நிழற்குடை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சிமெண்ட் சாலை என்று எதற்கும் பளபளவென்று ஒரு கருங்கல். பாராளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், ஒன்றியத் தலைவர், ஊராட்சித் தலைவர் என்று பட்டத்தோடும் அடைமொழியோடும் பெயர்கள். இது இந்தப் பக்கத்துக்குப் பழைய வழக்கம்தான். மாமல்லபுரத்தில் தருமராஜ ரதத்தின் மேல் அரசனுடைய விருதுப் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். உளி பிடித்தவர்களின் பெயர்களைத் தேடினால் சற்றுத் தள்ளிப் பூஞ்சேரிப் பாறைக்குப் போக வேண்டும்.

அடிக்கல்லில் இத்தனை பெயர் இருக்கிறதே, அதே வேலையின் கோப்பைத் திறந்தால் என்ன ஆகிறது? நண்பர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஓர் ஊராட்சியிலிருந்து வாங்கிய நகல்களை எனக்குக் காட்டினார். குப்பத்துப் பெண்களுக்காக ஒரு மீன் உலர்களம், சிமெண்ட் தளம். எம்-புக்கில் நீளம், அகலம், கனம், கன அளவு. அதை ஒட்டித் தமிழில் குறிப்புகள்: தளம் அமைக்கப்பட்டது, அளவு எடுக்கப்பட்டது, தரம் சரிபார்க்கப்பட்டது, தொகை பரிந்துரைக்கப்பட்டது. கீழே கையெழுத்துகள் இருக்கின்றன. வாக்கியங்களில் ஆள் இல்லை. அமைத்தவன் யார், எடுத்தவன் யார், என்றைக்கு, வெயிலிலா மழையிலா, ஒன்றும் கிடையாது. 'படு' என்கிற துணைவினை எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டு போகிறது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடல் அலைகள் தளத்தை அரித்துச் சென்றன என்று இருந்தது. கோப்பு முழுவதிலும் செய்வினையில் ஒரே ஒரு வாக்கியம். கோப்பு முழுவதிலும் காரியம் செய்த ஒரே ஆசாமி கடல்.

இதைப் படித்ததும் நம் இலக்கிய சரித்திரம் ஞாபகம் வந்தது. தென்மதுரையும் கபாடபுரமும் கடல் கொண்ட கதையை இறையனார் களவியல் உரை சொல்கிறது. இல்லாத நூல்களுக்கெல்லாம் நாம் இன்றுவரை காட்டும் வவுச்சர் அதுதான். கடல் கொண்டது என்று சொல்லிவிட்டால் பிரதி எடுக்காதவனைக் கேட்க வேண்டாம், காப்பாற்றாத மடத்தைக் கேட்க வேண்டாம். ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் நெருப்பில் போட்டவர்களும் மனிதர்கள் என்று உ.வே. சாமிநாதையர் தன் சரித்திரத்தில் எழுதி வைத்தார். எந்த ஊரில், எந்தக் கோயிலில் என்றும் எழுதினார். தமிழ் உரைநடையில் எனக்குத் தெரிந்த நேர்மையான தணிக்கை அறிக்கைகளில் அது ஒன்று. நாம் ரசிப்பது என்னவோ கடல்கோளைத்தான்.

மாமல்லபுரமும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் இருப்பதாகக் கதை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் நடந்துகொண்டது வேறு மாதிரி. மனிதர்களைக் கொண்டுபோன அதே நாளில் மணலை வாரி எடுத்துவிட்டு, அடியில் இருந்ததைக் காட்டியது. சாளுவன்குப்பத்தில் வெளியே தெரிந்த கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். பல்லவர் கட்டடத்துக்கும் கீழே செங்கல்லால் கட்டிய ஒரு பழைய முருகன் கோயிலைக் கண்டார்கள். கடலுக்கு மறைக்கத்தான் தெரியும் என்பது நாம் கட்டிய கதை.

அரிப்பு என்பதும் அப்படித்தான். இந்தக் கரையோரமாக மணல் ஒரு வருஷத்தில் தெற்கேயும் வடக்கேயும் நகர்கிறது. நிகரக் கணக்கில் வடக்கே போகிறது. குறுக்கே ஒரு சுவரைப் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை போகும். சென்னைத் துறைமுகத்தைக் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்தைக் கட்டினார்கள். வடக்கே இருந்த குப்பங்கள் இன்னும் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் ஓடத் தொடங்கியது, இரண்டாவது ஆலை 2024இல். பக்கத்துச் சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் தங்கள் கரை போனதற்கு அந்தக் கட்டுமானத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். கடல் அரித்தது என்ற வாக்கியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு வாக்கியம் இருக்கிறது, அதன் எழுவாய் கடல் அல்ல. அரிப்புக்கு வைத்தியம் தூண்டில் வளைவு. தூண்டில் வளைவுக்குக் கருங்கல். தண்ணீருக்கு அடியில் கொட்டிய கல்லை எந்த எம்-புக்கால் அளக்க முடியும் என்று நம் நாவலாசிரியர்கள் யாரும் கேட்டதில்லை.

கோகோல் கேட்டிருப்பார். 1836இல் மேடையேறிய அவருடைய இன்ஸ்பெக்டர் நாடகத்தில், மேலிடத்திலிருந்து ஆள் வருகிறான் என்று தெரிந்ததும் மேயர் ஊரைத் துடைக்கக் கிளம்புகிறார். தர்ம ஆஸ்பத்திரிக்கு மாதாகோயில் கட்ட ஐந்து வருஷத்துக்கு முன்பே பணம் வந்துவிட்டது, கோயில் இல்லை. யாராவது கேட்டால் கட்ட ஆரம்பித்தோம், எரிந்துவிட்டது என்று சொல்லுங்கள், எந்த முட்டாளாவது ஆரம்பிக்கவே இல்லை என்று உளறிவிடப் போகிறான் என்கிறார். அங்கே நெருப்பு, இங்கே கடல். ஆனால் கோகோலின் மேயர் எழுவாயோடு பேசுகிறார், அவருக்கு முகம் இருக்கிறது. அதனால்தான் நாம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்படுகிறோம். ஊழல் ஒரு பூதம் என்று அவர் எழுதியிருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

கோகோலைச் சொன்ன பிறகு 2019 அக்டோபரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த மாதம் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அதற்கு முன்னால் சில வாரங்களில் சாலைகள் சீராயின, விளக்குகள் எரிந்தன, சுவர்களுக்கு வண்ணம் வந்தது. 12ஆம் தேதி காலையில் பிரதமரே கடற்கரையில் குப்பை பொறுக்கும் படத்தை எல்லோரும் பார்த்தோம். நண்பர்கள் இதைக் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி வரவில்லை. ஒரு காரியத்துக்கு எழுவாய் இருந்தால் அது நடக்கும் என்பதை அந்த ஊர் அந்த மாதம் பார்த்தது. யார் உத்தரவு, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்று கடைநிலை ஊழியன்வரை தெரிந்திருந்தது. என்னை உறுத்தியது வேறொன்று. அன்று மாமல்லபுரம் பேரூராட்சியில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர்கள். மற்ற பல மாவட்டங்களில் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. அதற்கு முந்திய மாதம்தான் பிறந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 2021 அக்டோபர்வரை வரவில்லை. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி. ஐந்து வருஷத்துக்கு மேல் இந்தக் கரையில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. முழு உள்ளாட்சியும் செயப்பாட்டு வினைக்குள் போய்விட்ட காலம் அது. அதைப் பற்றித் தமிழில் ஒரு கவிதையை நான் பார்க்கவில்லை. சந்திப்பைப் பற்றிய கவிதைகள் இந்தப் பத்திரிகைக்கே நாலைந்து வந்தன.

நாவலில் நமக்கு முன்மாதிரியே இல்லை என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. ஒரு முச்சந்தி, ஒரு மரம், நகராட்சி, தேர்தல், கடைக்காரர்களின் போட்டி, பத்திரிகைக்காரன் என்று எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். மரம் தானாகப் பட்டுப்போவதில்லை. அதை மனிதர்கள் கொல்கிறார்கள், எதற்காக என்றும் நமக்குத் தெரிகிறது. ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' (1978) மீனின் துவிக்கு யார் உரிமை கொண்டாடுகிறார்கள் என்பதிலிருந்து ஒரு கடற்கரையின் அதிகாரத்தைப் பிரித்துக் காட்டியது. அதற்கு முந்திய வருஷம் வந்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', பிறகு 2004இல் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' — இவையெல்லாம் தெற்குக் கரை. எங்கள் கரையின் விஷயம் வேறு. இங்கே ஒவ்வொரு குப்பத்திலும் இரண்டு பஞ்சாயத்து. ஒன்று சட்டத்தின் ஊராட்சி. மற்றது மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து. தலைக்கட்டுக்கு வரி போட்டு, கோயில் திருவிழா முடிந்ததும் ஊரைக் கூட்டி வரவு செலவை வாய்விட்டுப் படிப்பார்கள். பெண்களுக்கு அதில் இடமில்லை. சுனாமி நிவாரணம் வந்தபோது விதவைகளும் பட்டியலில் பெயரில்லாதவர்களும் என்ன பாடு பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அங்கே கணக்கைப் படிப்பவனுக்கு ஒரு குரல் இருக்கிறது, ஏன் இவ்வளவு என்று கூட்டத்திலிருந்து கேட்பவனுக்கும் ஒரு குரல் இருக்கிறது. குரலோடு கூடிய அந்தக் கணக்குக்கும் ஆளில்லாத இந்தக் கோப்புக்கும் நடுவில் ஒரு நாவல் கிடக்கிறது.

எழுவாயோடு எழுதுவது நம் பாஷைக்கு வராத காரியமா என்றால், பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். எல்லாக் கட்சி மேடையிலும் அதை ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறார்கள். அது பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும் குடவோலையில் பெயர். உழுதவனுக்கும் வலை வீசியவனுக்கும் அந்தத் தொட்டிலில் இடமில்லை. ஆனால் அதன் உரைநடையை நான் பொறாமையோடு வாசிக்கிறேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு அது நிற்பதில்லை. அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், கூடப்பிறந்தவன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று இரண்டாவது கல்வெட்டு ஒவ்வொருவராக நிறுத்திக் கதவைச் சாத்துகிறது. பினாமி என்ற சொல் அவர்களிடம் இல்லை; சொந்தக்காரர்கள் இருந்தார்கள். முதல் விதி போதாமல்தான் இரண்டே வருஷத்தில் திருத்தியிருக்க வேண்டும். ஒழுக்கத்தைப் பற்றிய உபதேசத்தைவிட இந்த உறவுமுறைப் பட்டியல் மேலான இலக்கியம் என்று எனக்குப் படுகிறது. எழுதியவர்களுக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தது.

நமக்கும் தெரியும். நம் கூட்டத்தில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள். வங்கி, தபால், கருவூலம், பத்திரப் பதிவு. பகல் முழுக்க வவுச்சர் பார்க்கிறோம். சாயங்காலம் அறைக்கு வந்து அந்நியமாதலைப் பற்றி எழுதுகிறோம். காஃப்காவைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். காஃப்கா ப்ராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922வரை வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரம் தொழிலாளியின் விரலை எப்படிக் கொண்டுபோகிறது என்று படத்தோடு அறிக்கை எழுதியவர். விரல் துண்டிக்கப்பட்டது என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. எந்தப் பாகத்தை மாற்றினால் விரல் தப்பும் என்று எழுதினார். நாம் அவரிடமிருந்து மூட்டத்தை எடுத்துக்கொண்டு இயந்திரத்தை விட்டுவிட்டோம். நமக்கு மிக நன்றாகத் தெரிந்த விஷயத்தை எழுதாமல் இருக்க அந்நியமாதல் சௌகரியமான ஒரு பெயர்.

இவ்வளவையும் பிறரைப் பற்றி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை.

அந்த மீன் உலர்களத்துக்குப் பணம் கொடுத்த கிளை என் கிளை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி ஊராட்சித் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று சட்டத்தின் நம்பிக்கை. 2015இல் மூன்று லட்சத்துச் சொச்சத்துக்கு அந்தக் காசோலை என் கவுண்டருக்கு வந்தது. துணைத்தலைவர் குப்பத்துப் பெண்மணி. மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டேன், அச்சாகப் பொருந்தியது. முத்திரை குத்தி, முதலெழுத்துப் போட்டு, அதிகாரிக்கு அனுப்பினேன். அந்த வருஷக் கடைசியில் பெருமழை. தளத்தைக் கடல் கொண்டதாகக் குறிப்பு எழுதினார்கள்.

2018இல் அந்த அம்மாள் மகளிர் குழுக் கடன் விஷயமாக நேரில் வந்தார். பதவி போய் இரண்டு வருஷம். என் முன்னால் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினார். நான் ஒப்பிட்ட கையெழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"பஞ்சாயத்துல இருந்தப்ப வேற மாதிரி போடுவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்கூட்டுக்காரரே போட்டுக்கினாரு சார். அட்டையில போட்டதும் அவருதான். நான் இன்னா, படிச்சவளா?" என்றார். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். மணல்தான் இருந்தது. வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், இங்கே ஒரு தளம் இருந்ததா, கடல் கொண்டுபோய்விட்டதா என்று கேட்டேன். "கடலு சிமெண்ட்ட முழுங்காது சார். ஒடச்சு இங்கியேதான் போடும்" என்றார். ஒரு துண்டைக்கூட நான் பார்க்கவில்லை. பாதி கட்டினார்களா, கட்டவே இல்லையா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பெண்கள் பழையபடி மணலில் மீனைக் காயப்போட்டிருந்தார்கள்.

மேலே யாருக்கும் நான் எழுதவில்லை. ஒப்பிடுவது என் வேலை, ஒப்பிட்டேன், பொருந்தியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் ஒரு கவிதை எழுதினேன். அதில் கடல் வந்தது, காய்கிற மீன்கள் வந்தன, விழுங்கப்பட்ட ஏதோ ஒன்று வந்தது. நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தப் பத்திரிகையிலேயே பிரசுரமாயிற்று. தேடி எடுத்துப் பார்க்க வேண்டாம்.

காசோலையின் நகலும் அந்தக் கோப்பில் இருந்தது. முன்பக்கம் என் கிளையின் முத்திரை: சரிபார்க்கப்பட்டது. பக்கத்தில் நீல மையில் ஒரு முதலெழுத்து. சரிபார்த்தவன் நான்.